நேரம் போடாத சீட்டு

செப்டம்பர் 8, திங்கள்

காலை பத்தேகாலுக்குப் பத்திரிகை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்தே இருக்காத பெண். மேசையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு போனும் தவிர எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். அக்டோபர் 14 வந்தால், ஐந்து பேரோடு விண்வெளிக்குப் போன கலம் திரும்பும் வழியில் உடைந்து ஐவரும் இறந்து முப்பத்தைந்து வருடம். முழுப் பக்கம் ஒன்று போடலாம் என்றார். 'செய்தி கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று வாசகர்களைக் கேட்பது. வருவதைத் தொகுப்பது என் வேலை.

"நடுவுல உங்க கட்டுரை சார். பழசையே போட்டாலும் சரி, புதுசா எழுதினாலும் சரி. அந்த மத்தியானம் டெஸ்க்ல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இங்க மிச்சம்."

சரி என்றேன். ஓய்வு பெற்றும் வாரத்தில் மூன்று நாள் வந்து போகிற ஆளுக்கு ஒரு நாற்காலி கொடுத்து வைத்திருக்கிறார்கள். சரி என்பதைத் தவிர என்ன சொல்வது.

பழைய கட்டுரையின் தலைப்பு 'பதினான்கு நிமிடம்'. விண்கலத்தோடு தொடர்பு அறுந்தது என்று வானொலி சொன்ன 1.46 முதல், உடைந்துவிட்டது என்று உறுதியான 2.00 வரை எங்கள் செய்தி அறை எப்படி இருந்தது என்பது. தந்திச் செய்தி வரும் டெலிபிரிண்டரின் மணி எத்தனை முறை அடித்தது, யார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், யார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார் — எல்லாம் அதில் இருக்கிறது. இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் பாடமாக இருந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தவறு உண்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்று நாளில் அறுபத்தொரு பேர். போனில் தட்டி அனுப்பியவர்கள் பாதி, தபாலில் பாதி. எல்லோருக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. நன்றாகவே நினைவிருக்கிறது என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. பதினெட்டுப் பேர் அன்று மழை என்கிறார்கள். அன்று மழை இல்லை.

ஒரு ஓட்டுநர்: 'பல் பிடுங்கப் போயிருந்தேன். வாயில் குறடு இருக்கும்போது வானொலியில் சொன்னார்கள். டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். பல் பாதி, டாக்டர் பாதி. இன்றும் விண்வெளி என்றாலே எனக்குக் கடைவாய் வலிக்கிறது.'

சிரித்தேன். இதைப் பக்கத்தின் வலது மேல் மூலையில் வைக்கலாம்.

அடுத்தது ஒரு பள்ளி ஆசிரியை, வெளியூர். 'உங்கள் பத்திரிகை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊருக்கு வரும். ஐவரும் பத்திரமாக இறங்கினர் என்று போட்டிருந்தது. விடுதிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை அதே பிள்ளைகளை அதே வரிசையில் நிறுத்தி, இல்லை, இறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஒரு குழந்தை கேட்டது: அப்போ நேத்து யார் டீச்சர் இறங்கினது?'

இதை எந்த மூலையில் வைப்பது?

செப்டம்பர் 15, திங்கள்

வெளியூர் வாசகர்கள் ஏழு பேர் இப்போது அதையே எழுதிவிட்டார்கள். ஆசிரியர் கேட்டார்.

"இறங்கிட்டாங்கன்னு நாமளா சார் போட்டோம்?"

"முதல் பதிப்பு மட்டும். நாலாயிரத்து முந்நூறு பிரதி."

"எப்படி சார்?"

சொன்னேன். இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூடத் தெரியும். நம்முடையது மாலைப் பத்திரிகை. ஈய எழுத்துகளைச் சட்டத்தில் இறுக்கிப் பக்கத்தை ஒன்றரைக்குப் பூட்ட வேண்டும், இரண்டு மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும், இரண்டே முக்கால் ரயிலில் வெளியூர்க் கட்டுகள் ஏற வேண்டும். அதனால் பிற்பகல் நடக்கப்போகிற எதையும் நடந்ததாகவே காலையில் எழுதி, அச்சுக் கோத்து, கயிறு கட்டி வைத்துவிடுவோம். பந்தயம், திறப்பு விழா, தீர்ப்பு எல்லாம் அப்படித்தான். தீர்ப்பென்றால் இரண்டு விதமாகவும் எழுதி வைப்போம். நடந்தபின் நிருபர் ஒரு சீட்டில் சுருக்கொப்பம் இட்டு, நேரம் போட்டுக் கீழே அச்சுக்கூடத்துக்கு அனுப்புவார். சீட்டு வந்தால்தான் பக்கம் கட்டுபவர் அந்தச் செய்தியைப் பக்கத்தில் ஏற்றுவார். ஏற்றியபின் சீட்டைச் சுவர் ஆணியில் குத்திவைப்பார்.

விண்கலம் இறங்க வேண்டியது 1.50. அதற்காகவே பக்கத்தை இரண்டு மணிவரை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கீழே 1.35க்கே பூட்டிவிட்டார்கள். இறங்கியது என்ற செய்தியோடு.

"அப்போ சீட்டு போயிருக்கணுமே சார்."

"பக்கம் கட்டினவர் அப்படித்தான் சொன்னார். தேடினப்போ ஆணியில சீட்டு இல்ல."

"எழுதினது யாரு?"

"நான்."

"ஒப்பம்?"

"சீட்டு கிடைக்கலம்மா."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். போன் அடித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், என்ன எழுதறீங்க இத்தனை நாளா. சொன்னேன்.

"அன்னிக்கா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வர ஏழு மணி ஆச்சு உங்களுக்கு. முகமெல்லாம் வழவழன்னு மழிச்சு, கன்னத்துல பவுடர் வாசனை. ஊரே துக்கத்துல இருக்கு, இந்த மனுஷன் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கறாரேன்னு நெனச்சேன்."

கத்தி நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

"நீ கேட்கவே இல்லையே."

"கட்டுரையில டெஸ்க்ல இருந்தேன்னு போட்டிருந்தீங்க. அச்சுல வந்ததை எதுக்குக் கேட்கணும்?" காயை வாணலியில் போட்டாள். "உப்புப் போட்டேனா இல்லையா, பாருங்க. மறந்துட்டேன்."

முப்பத்தைந்து வருடம் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

தபாலில் ஒன்று. கோடு போட்ட தாள், நீல மை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'என் அப்பா உங்கள் அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டுபவராக இருந்தவர். தவறான செய்தியை ஏற்றியதற்காக அவரை அனுப்பிவிட்டார்கள். ஒப்பத்தோடு சீட்டு வந்தது என்று அன்று சொன்னார், இன்றும் சொல்கிறார். இப்போது எண்பது வயது. அந்தச் சீட்டைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நான் அன்று பள்ளியில் இருந்தேன். பதினொரு வயது. பள்ளியில் அது என் கடைசி மாதம்.'

கீழே முகவரி. இங்கிருந்து இரண்டு பேருந்து.

செப்டம்பர் 20, சனி

எழுதிவிடுகிறேன். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எனக்காவது வரிசையாக இருக்கட்டும்.

அன்று 12.50க்குச் சீட்டில் சுருக்கொப்பம் இட்டேன். முன்கூட்டியே ஒப்பம் இட்டு வைத்துக்கொள்வது எங்கள் எல்லோருடைய வழக்கம். செய்தி வந்ததும் நேரத்தை மட்டும் நிரப்பினால் போதும். மேசையில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பக்கக்காரர் — பக்கம் கட்டுபவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம் — சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மரச் சுத்தியலுக்குக் கீழே செருகிவிட்டு வெளியே வந்தேன். இறங்கினதும் மேலேயிருந்து யாராவது கீழே சொல்வார்கள், சீட்டைத் தேடிக்கொண்டு நான் ஓடிவர வேண்டாம் என்று கணக்கு. ஆனால் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி முடிவெட்டும் கடை. அந்த நேரத்தில்தான் கூட்டம் இருக்காது.

வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நேரடி வர்ணனை. 1.46க்கு, தொடர்பு அறுந்திருக்கிறது என்றார்கள். எனக்கு முடி வெட்டியாகி, வலது கன்னம் முடிந்து இடது கன்னத்தில் நுரை. எழுந்திருக்கப் பார்த்தேன். கடைக்காரர் தோளை அழுத்தினார். "அசையாதீங்க சார், கத்தி."

இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை. அங்கே போன் உண்டு. சுத்தியலுக்குக் கீழே சீட்டு இருப்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மேலே டெலிபிரிண்டரைச் சுற்றி நின்றவர்கள் யாரும் கீழே ஓடவில்லை; என் சீட்டு போகாமல் அந்தச் செய்தி ஏறாது என்று நம்பி நின்றார்கள். ஒரு போன். "பக்கத்தை நிறுத்துங்க." மூன்று விநாடி.

பேசினால், எங்கேயிருந்து பேசறேன்னு கேட்பாங்க.

அவ்வளவுதான். அதுக்காகத்தான். டெஸ்க்ல இல்லன்னு தெரிஞ்சுடும்னு. அஞ்சு பேரு மேல எரிஞ்சுக்கிட்டிருக்காங்க, நான் இங்க நாற்காலியில உட்கார்ந்து என் பேரைப் பத்திக் கவலைப்பட்டேன். மறுபடி நுரை போட்டான். பொறுமையா போட்டான். நானும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

2.05க்குப் பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அச்சுக்கூடத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் யாரும் திரும்பவில்லை. ஆணியில் சீட்டு. இழுத்தேன். மேல் ஓரம் கிழிந்தது. சட்டைப் பைக்குள் போட்டேன்.

தவறு தெரியவர இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. கட்டுகள் ரயிலேறியிருந்தன.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான்: ஒப்பம் போட்டீர்களா? நான் பொய் சொல்லவில்லை. "சீட்டு இருந்தா காட்டச் சொல்லுங்க" என்றேன். பக்கக்காரர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

செய்தி அறையில் அந்தப் பதினான்கு நிமிடம் எப்படி இருந்தது என்று மற்றவர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டுரை அடுத்த ஞாயிறு வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

சீட்டு இருக்கிறது. அலுவலக அலமாரியில், பெரிய அகராதியின் பின்னட்டைக்குள். எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. இன்று எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழுப்பேறிய துண்டு, உள்ளங்கை அகலம். மேலே கிழிந்த ஓட்டை. 'விண்கலம் — முதல் பக்கம்'. என் சுருக்கொப்பம், அன்றைய இளமையோடு, வால் நீட்டி. நேரம் என்று அச்சிட்ட இடத்தில் கோடு காலியாக இருக்கிறது.

மனைவி பார்த்தாள். நீல மைக் கடிதத்தையும் எடுத்துப் படித்தாள். மாலை சொன்னாள்: "போறதா இருந்தா சனிக்கிழமை போங்க. கூட்டம் இருக்காது."

செப்டம்பர் 27, சனி

போய் வந்தேன்.

மூன்றாவது மாடி, படி செங்குத்து. இரண்டு அறை. மகள் கதவைத் திறந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதிவு மேசையில் வேலை; அட்டை கழுத்தில் தொங்கியது. பத்திரிகையிலிருந்து என்றதும் முகம் மலர்ந்தது. "அப்பா, பேப்பர்லேர்ந்து வந்திருக்காங்க."

பக்கக்காரர் ஜன்னலோரம். உடம்பு பாதியாகியிருக்கிறது, விரல்கள் மட்டும் பழைய அகலம். சுவரில் ஒரு நீள ஆணி. அதில் மின்கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், எல்லாம் ஒரே நேர்கோட்டில் குத்தி.

"யாரு, நிருபர் தம்பியா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே. வா. மாடி ஏறினதுக்கே ஒரு தனிப் பதிப்பு போடலாம்."

வேலை போனபிறகு மரப்பலகைக் கிடங்கில் காவல். இருபத்திரண்டு வருடம். வேறெந்த அச்சுக்கூடமும் எடுக்கவில்லை; செத்தவர்களை இறக்கி வைத்த ஆள் என்று பெயர். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி போனது, மகள் படிப்பை விட்டது, இதெல்லாம் வரும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

எப்படிச் சொல்வது என்று பேருந்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மகள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரிந்தது. "இது எங்கே இருந்துச்சு?" என்றாள். என்கிட்ட என்றேன். "எப்போலேர்ந்து?" அன்றிலிருந்து என்றேன். அவள் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

பக்கக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலிருந்து. பிறகு அவர் சொன்னது:

"நேரம் இல்லியே."

நான் போடவில்லை, தவறு என்னுடையது என்றேன். கேட்டதாகத் தெரியவில்லை.

"நேரம் போடாத சீட்டை நான் எடுத்திருக்க மாட்டேனே. எடுக்கக் கூடாது. என் ஆளுங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன், நேரம் இல்லாம கடவுளே ஒப்பம் போட்டாலும் ஏத்தாதேன்னு." கண்ணாடியை இறக்கினார். "சாப்பிட்டு வந்தேன். சுத்தியைத் தூக்கினேன். உன் கையெழுத்து இருந்துச்சு. உன் கையெழுத்துதானேன்னு..."

மகள் சொன்னாள், "நீங்க போங்க சார்."

சீட்டு அவர் கையில் இருந்தது. கேட்கவில்லை நான்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு நிமிடம் ஆனது. இரண்டு போனையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்.

"உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் சார் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

தெரியும் என்றேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்.

"எழுதுங்க. எண்ணூறு வார்த்தை. அழாம எழுதுங்க." சற்றுப் பொறுத்து, "இது வந்ததுக்கப்புறம் உங்களை இங்க வெச்சுக்க முடியாது சார்."

"தெரியும்மா."

"அம்மான்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்."

அக்டோபர் 1, புதன்

எழுதி முடித்தேன். எண்ணூற்றுப் பதினாறு வார்த்தை.

அக்டோபர் 3, வெள்ளி

மகள் போன் செய்தாள். நின்றுகொண்டே கேட்டேன்.

"நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து அப்பா சரியா சாப்பிடறதில்ல. பேசறதில்ல. சீட்டை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. முப்பத்தஞ்சு வருஷமா, நான் பண்ணல, நான் பண்ணலன்னு சொல்லிக்கிட்டே எழுந்திருச்ச மனுஷன் சார் அவரு. அந்த ஒண்ணுதான் அவர்கிட்ட இருந்துச்சு. இப்போ அதையும் எடுத்துட்டீங்க."

கட்டுரை எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"நேரம் இல்லன்னு போட்டிருக்கீங்களா?"

"இல்ல. அது என் தவறுன்னு மட்டும்தான்."

"அது அப்படியே இருக்கட்டும். ஒப்பம் இருந்துச்சு, நீங்க எடுத்தீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா நான் உங்களை விடமாட்டேன்."

சரி என்றேன். முதல்முறையாக ஒரு சரி மனதிலிருந்து வந்தது.

சொல்லப் போயிருக்கக் கூடாதா? சொல்லாமலே அச்சடித்திருக்க வேண்டுமா? சீட்டைக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அவர் நிரபராதியாகவே இருந்திருப்பார். ஆதாரத்தோடு போகணும்னு தோணிச்சு பாரு, அந்தப் புத்தி... நிருபர் புத்தி. அன்னைக்கு வராத புத்தி.

அக்டோபர் 5, ஞாயிறு

முகம் மழிக்கவில்லை. மனைவி இரண்டு முறை பார்த்தாள்.

அக்டோபர் 8, புதன்

பக்கக்காரர் அவராகவே போன் செய்தார்.

"பக்கம் ரெடியா?"

"திருத்தறதுக்குப் படி எடுத்திருக்காங்க."

"கொண்டா. நான் பார்க்காம என் பேச்சு எப்படிப் போகும்?"

அக்டோபர் 10, வெள்ளி

பக்கத்தின் படியைச் சுருட்டிக்கொண்டு போனேன். மகள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். நாற்காலி காட்டவில்லை.

அவர் மேசையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். படியை விரித்து நான்கு மூலையிலும் நான்கு மருந்து டப்பாக்களை வைத்தார். அடிமட்டம் எடுத்தார். முதலில் படிக்கவில்லை, அளந்தார். பல் பிடுங்கிய ஓட்டுநரின் படத்துக்குக் கீழே இடைவெளி அதிகம் என்றார். பள்ளி ஆசிரியையின் கடிதத்தை நான் இடது கீழ் மூலையில் வைத்திருந்தேன். விரலை வைத்தார். "இது எதுக்குக் கீழே ஒளிஞ்சுக்கிட்டிருக்கு? தூக்கி மேல வை."

பிறகு என் கட்டுரை. பூதக்கண்ணாடியோடு வரி வரியாக. இருபது நிமிடம் இருக்கும். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நேரம் இல்லாத சீட்டை நான் ஏத்தினேன்னு இதுல இல்ல."

"அது வேண்டாம்னு..."

"போடு."

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். "அப்பா, வேண்டாம். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"நீ சும்மா இரும்மா. இத்தனை வருஷமா இல்லாத சீட்டைப் பார்த்தியா பார்த்தியான்னு ஊரைக் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்போ சீட்டு வந்துருச்சு. அதுல இருக்கறதைத்தானே போடணும்? எனக்குப் பிடிச்ச பாதியை மட்டும் போட்டா, அப்புறம் இவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

பென்சிலால் ஓரத்தில் அவரே எழுதினார், சதுரச் சதுரமாக, நடுங்காமல்: 'சீட்டில் நேரம் இல்லை. நேரம் இல்லாத சீட்டை ஏற்கக் கூடாது என்பது விதி. பக்கம் கட்டுபவர் ஏற்றார்.' அடிமட்டத்தை வைத்து எண்ணினார்.

"மூணு வரி கூடுது. மூணு வரி தூக்கணும்."

தலைப்பின் அளவைக் குறைக்கலாம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பென்சில் முனையைக் கட்டுரை மேல் ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். நான் எழுதியிருந்தது: 'அந்தக் கடையில் தொலைபேசி இல்லை. மருந்துக்கடையில் இருந்தது என்றாலும், மதிய நேரம் அது மூடியிருந்திருக்கலாம். இணைப்பு கிடைக்காமலும் போயிருக்கலாம்.' சரியாக மூன்று வரி.

கோடு போட்டு அடித்தார். "இது வேண்டாம். வாசகனுக்கு இது எதுக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அளவு சரியாக வந்த திருப்தி தவிர அதில் வேறொன்றும் இல்லை.

படியின் அடியில் சுருக்கொப்பம் இட்டார். மகளிடம் மணி கேட்டார். அவள் போனைப் பார்த்து, பதினொன்னு இருபத்தஞ்சு என்றாள். அதையும் எழுதினார்.

பழைய சீட்டு ஆணிக்குப் போனதை அப்போதுதான் பார்த்தேன். மின்கட்டண ரசீதுகளுக்கு மேலே. கிழிந்த ஓட்டையில் மாட்டவில்லை. பக்கத்தில் புதிதாகக் குத்தியிருந்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "திங்கக்கிழமை பக்கம் போறப்போ நீ கீழே நிப்பியா?"

"நிப்பேன்."

"எங்கேயும் போயிடாதே."

கதவுவரை மகள் வந்தாள். வழியனுப்ப இல்லை, தாழ் போட. "பக்கம் பார்த்துக் குடுத்தது அப்பா" என்றாள். "நான் உங்களை மன்னிக்கல. அதையும் எங்கேயாவது எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நடுப்பக்கம் முந்தைய நாளே அச்சாகிவிடும். காலை ஒன்பதிலிருந்து கீழே இருந்தேன். இப்போது ஈயமும் இல்லை, சுத்தியலும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உட்காருங்க சார்" என்றார்கள். நின்றேன். ஒருவர் கேட்டார், எதுக்கு சார் நிக்கறீங்க, பட்டனை அமுக்கினா போயிடும். அமுக்கும்போது சொல்லுங்க என்றேன்.

மாலை அலமாரியைக் காலி செய்தேன். அகராதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்திரிகை ஒரு மணிக்குத் தெருவுக்கு வந்தது. பழைய சகாக்கள் இருவர் பேசினார்கள். ஒருவர் திட்டினார். மற்றவர், இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கய்யா, நிம்மதியா சாகவேண்டியதுதானே என்றார். இதழியல் கல்லூரியிலிருந்து, அடுத்த மாதம் அங்கே நான் பேசுவதாக இருந்தது ரத்து என்று இரண்டு வரித் தகவல். மனைவி பக்கத்தை முழுதும் படித்தாள். மடித்து வைத்தாள். சாப்பிட வாங்க என்றாள்.

1.46க்கு முன்னறையில் இருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு மகளின் எண்.

"அப்பா கேக்கச் சொன்னாரு. நேத்து பக்கம் எத்தனை மணிக்குப் போச்சு?"

"பதினொன்னு நாற்பது."

"நீங்க அங்கே இருந்தீங்களா?"

"இருந்தேன்."

போனுக்கு அப்பால் அவள் குரல், பதினொன்னு நாற்பதாம்பா என்று. பிறகு நாற்காலி நகரும் சத்தம். ஆணியிலிருந்து தாள்களை உருவும் சத்தம்.

"சீட்டுல எழுதறாரு" என்றாள். வைத்துவிட்டாள்.